ஸ்போர்ட்ஸ் கார் டயருக்கு ரெண்டு ஆயுள்

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் டயர் எவ்வளவு நாள் வரும்? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். ஒருவர் 8,000 கிலோமீட்டர் என்பார். இன்னொருவர் 40,000 என்பார். மூன்றாமவர் பத்து வருஷமா மாத்தவே இல்லைன்னு பெருமையாகச் சொல்வார். மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் இதில் சுவாரஸ்யம். ஆனால் மூன்றாமவரின் காரில் மட்டும் நான் ஏற மாட்டேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எல்லோரும் சொல்லும் ஒரு வேடிக்கையான எல்லையிலிருந்து ஆரம்பிக்கலாம். புகாட்டி வேரானின் உச்ச வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். அந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தால் டயர் 15 நிமிஷம்தான் தாங்கும், ஆனால் கவலை வேண்டாம், 12 நிமிஷத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். அந்தக் காரின் பின் டயருக்கு விட்டம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். மணிக்கு 407 என்றால் நொடிக்கு 113 மீட்டர், அதாவது டயர் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அதன் வெளிவட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு கிராம் ரப்பர், சுமார் 3.7 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வெளிப்பக்கம் இழுக்கும். போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி மறுபடி வளைகிறது. நொடிக்கு ஐம்பது தடவை இப்படி மடங்கி நிமிர்ந்தால் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். அந்த டயர் தேய்ந்து சாவதில்லை, வெந்து சாகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டயர் சாவதற்குத் தேய்மானம் ஒன்றுதான் வழி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சூடு ஒரு வழி. தேய்மானம் ஒரு வழி. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது சும்மா நிற்பது. முதலாவது நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. மற்ற இரண்டும்தான் சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்க்காரரின் கதை.

சாதாரணம் என்றதும் ஒரு உதாரணம் வேண்டுமே. போர்ஷே 911 கரேரா எஸ் எடுத்துக்கொள்வோம், 992 என்று அழைக்கப்படும் தலைமுறை. எடை ஒன்றரை டன், சக்தி 450 குதிரை. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, ஆகவே மொத்த எடையில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பின் சக்கரங்கள் மீது. முன் டயர் 245 மில்லிமீட்டர் அகலம், 20 அங்குல வீல். பின் டயர் 305 மில்லிமீட்டர் அகலம், 21 அங்குல வீல். இந்த மாதிரிக் காரை ரோட்டில் மட்டும் ஓட்டுபவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு, பின் டயர் 15,000 முதல் 25,000 கிலோமீட்டர், முன் டயர் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. சில நாட்களிலேயே ஒரு செட் முடிந்துபோகலாம்.

நம்ம வீட்டுக் காரில் முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாற்றி மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் சமமாகத் தேய வைப்போம். 911இல் அது முடியாது. அளவே வேறு. அமெரிக்காவில் பல டயர் நிறுவனங்களின் கிலோமீட்டர் உத்தரவாதத்தைப் படித்தால் இதற்கென்று ஒரு வரி இருக்கும்: முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்ட வண்டி என்றால் பின் டயருக்குப் பாதி உத்தரவாதம்தான். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் டயர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? மட்டமான ரப்பரா? இல்லை, நேர்மாறு. ரப்பர் ரோட்டைப் பிடிப்பது இரண்டு விதமாக. ஒன்று, ரோட்டுப் பரப்போடு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது. இரண்டு, ரோட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஜல்லி மேடுகளுக்குள் ரப்பர் அமுங்கி உட்கார்ந்து, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் சோம்பேறித்தனமாக மீள்வது. அந்தச் சோம்பல்தான் பிடிப்பு. மென்மையான, சோம்பலான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், நன்றாகச் சூடாகும், நன்றாகத் தேயும். சிலிக்கா கலவைகள் வந்தபிறகு இந்தப் பேரம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதே தவிர, பேரம் இல்லாமல் போகவில்லை.

டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஒரு எண் போட்டிருக்கும். அமெரிக்க அரசின் தரவரிசை முறையில் வருவது. டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ ஊரை ஒட்டி சுமார் 640 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில், ஒரு ஒப்பீட்டு டயரோடு சேர்த்து மொத்தம் 11,500 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டி, தேய்மானத்தைக் கணக்கிடுவார்கள். 100 என்பது அடிப்படை. 200 என்றால் அந்தப் பாதையில் அதைவிட இரண்டு மடங்கு உழைக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300. டிராக்குக்கும் சேர்த்துச் செய்த பைலட் ஸ்போர்ட் கப் 2க்கு 180. பிரெல்லியின் டிரோஃபியோ ஆருக்கு வெறும் 60!

இந்த எண்ணை நான் முழுசாக நம்புவதில்லை. சோதனையை நடத்தி எண்ணைப் போடுவது டயர் கம்பெனிதான், அரசு இல்லை. சோதனையில் வந்ததைவிடக் குறைத்துப் போட அவர்களுக்கு உரிமையும் உண்டு. இன்னொரு கூத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் அமெச்சூர் மோட்டார் பந்தயங்கள் பலவற்றில் டிரெட்வேர் 200க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி வைத்தார்கள். உடனே கடையில் 200 என்று அச்சடித்த, ஆனால் பசை மாதிரி ஒட்டும் டயர்கள் வரிசையாக வந்துவிட்டன. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

டயரைவிட ஓட்டுபவர்தான் பெரிய காரணம். எவ்வளவு பெரிய காரணம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம், எனக்கு இந்தத் தலைப்பிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். வளைவில் திரும்பும்போது டயர் தான் பார்க்கும் திசையிலேயே சரியாக உருள்வதில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே உருள்கிறது. பக்கவாட்டு விசை எவ்வளவோ, நழுவலும் ஏறக்குறைய அவ்வளவு. ரப்பரைத் தேய்க்கும் வேலை என்பது விசையும் நழுவலும் சேர்ந்த பெருக்குத்தொகை. அதாவது தேய்மானம் விசையின் வர்க்கமாகக் கூடும். விசையோ வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஆக, ஒரே வளைவை 60இல் எடுப்பவரையும் 84இல் எடுப்பவரையும் எடுத்துக்கொண்டால், வேக வித்தியாசம் 40 சதவீதம், விசை இரண்டு மடங்கு, தேய்மானம் நான்கு மடங்கு. ஷாலமாக், டர்னர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1960லேயே நழுவும் சக்கரங்களின் தேய்மானம் பற்றி இந்த வழியில் எழுதிவிட்டார்கள். பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது இந்தக் கணக்கைவிட நிலைமை இன்னும் மோசமாகும்.

ஒரே மாடல் கார், ஒரே டயர், ஒருவருக்கு 10,000, இன்னொருவருக்கு 25,000 என்று வருவதற்கு இதைத் தாண்டிக் காரணம் தேட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் நேராகப் போகிறவர் டயரைத் தேய்ப்பதே இல்லை என்று சொல்லலாம். மலைப்பாதைக்காகவே கார் வாங்கியவர் ஒவ்வொரு வளைவிலும் காசைக் கொட்டிக்கொண்டு போகிறார். அதற்காகத்தானே வாங்கினார், அது வேற விஷயம்.

அலைன்மெண்ட் அடுத்தது. ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரங்கள் நேராக நிற்பதில்லை. வளைவில் கார் சாயும்போது டயர் முழுசாகத் தரையில் படவேண்டும் என்பதற்காக, மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். இதுதான் கேம்பர். அதோடு டோ என்று ஒன்று, மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் லேசாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் கோணம். ஒரு சக்கரத்துக்கு 0.2 டிகிரி என்று வைத்தால் பெரிசாகத் தெரியாது. ஆனால் கணக்குப்படி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 20,000 கிலோமீட்டரில் 70 கிலோமீட்டர். ரப்பர் வளைந்து கொடுத்து இதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும், மீதி தேய்மானம்தான். ரோட்டுக் குழியில் ஒரு தடவை பலமாக இறங்கி டோ கோணம் மாறிப்போனால், நல்ல டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே போயிடும்.

கேம்பரும் டோவும் சேர்ந்து செய்கிற வேலை என்னவென்றால், பின் டயரின் உள் ஓரம்தான் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் நம்ம டயர் கடைகளில் பட்டன் என்பார்களே, அது நன்றாகவே இருக்கும். உள்ளே பார்த்தால் ரப்பர் தீர்ந்து கம்பி இழை தெரியும். அகலமான டயர், தாழ்வான கார், குனிந்தாலும் தெரியாது. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கணும், இல்லாவிட்டால் காரைத் தூக்கணும்.

ஆழக் கணக்கிலும் ஒரு பிடி இருக்கிறது. புது டயரில் பள்ளம் 7 அல்லது 8 மில்லிமீட்டர். ஐரோப்பிய சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயர் மோசமில்லை. சில சமயம் புதுசைவிட நன்றாகவே பிடிக்கும். மழைதான் பிரச்சனை. தண்ணீரை வெளியேற்ற இடம் இல்லாமல் போனால் டயர் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். விமான டயர்களை வைத்து நாசா 1960களில் கண்ட ஒரு எளிய சூத்திரம் உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் மிதக்கும் வேகம், நாட் அளவில். 33 பி.எஸ்.ஐ. காற்று வைத்த மொட்டை டயருக்கு அது மணிக்கு 96 கிலோமீட்டர் வருகிறது. 305 மில்லிமீட்டர் அகல டயருக்குத் தள்ளவேண்டிய தண்ணீரும் அதிகம். அதனால்தான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்று ஐரோப்பாவில் பல அமைப்புகள் சொல்கின்றன. அதைக் கேட்டு நடந்தால் டயரின் பயன்படும் ஆயுளில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். என்னைக் கேட்டால் போகட்டும்.

இதுவரை பேசியதெல்லாம் ஓடுகிற கார். இனி ஓடாத கார்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் நிறைய பேர் வருஷத்துக்கு 2,000, 3,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெயில் நல்லா இருந்தால், ஒரு ரவுண்டு. வருஷம் 2,500 என்று வைத்தால், 20,000 கிலோமீட்டர் வரும் பின் டயர் தேய எட்டு வருஷம். இருமடங்கு உழைக்கும் முன் டயருக்குப் பதினாறு! பள்ளத்தை அளந்து பார்த்து மாற்றலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

ஆனால் ரப்பர் சும்மா இருப்பதில்லை. ஆக்ஸிஜன் உள்ளே ஊடுருவிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் கந்தகத்தால் ரப்பர் சங்கிலிகளுக்குள் போட்ட முடிச்சுகள், வெப்பத்தாலும் காற்றாலும் மேலும் மேலும் இறுகும். மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் மெல்ல வெளியேறும். ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் டயர் கொஞ்சம் கெட்டியாகும், டிராக்குக்குப் போகிறவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். ஓசோனால் வெடிப்பு விழாமலிருக்க மெழுகும் ரசாயனமும் கலந்திருப்பார்கள், அவை மேற்பரப்புக்கு வந்து படிய டயர் உருண்டு வளைந்து கொடுக்க வேண்டும். நின்றுகொண்டே இருக்கும் காரில் அது சரியாக நடப்பதில்லை. ஓடாமல் வைத்திருந்தால் டயர் புதுசாகவே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிராக இருக்கிறது, பாருங்கள். (அந்தப் பாதுகாப்பு ரசாயனங்களில் ஒன்று 6பி.பி.டி. டயர்த் துகளோடு ஓடையில் கலந்து, ஓசோனோடு வினைபுரிந்து மாறும் அதன் வடிவம்தான் அமெரிக்க மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். தனியாக எழுத வேண்டிய கதை.)

மென்மையான கலவையில் செய்த டயர்தான் இந்த இறுக்கத்தால் அதிகம் இழக்கிறது. ஏனென்றால் அதன் மொத்த மதிப்பே மென்மையில்தான் இருந்தது. பள்ளம் அப்படியே இருக்கும், பளபளப்பும் இருக்கும். பிடிப்பு மட்டும் இருக்காது. அது தெரியவரும் இடம் ஒரு வளைவின் நடுவில்.

2013 நவம்பர் 30. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா. நடிகர் பால் வாக்கர் பயணி இருக்கையில் இருந்த 2005ஆம் வருஷத்து போர்ஷே கரேரா ஜி.டி. கட்டுப்பாட்டை இழந்து மோதித் தீப்பிடித்தது. ஓட்டிய நண்பரும் அவரும் இறந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறை விசாரித்து 2014 மார்ச்சில் சொன்ன காரணம் வேகம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடுள்ள ரோட்டில் 130 முதல் 150 வரை போயிருக்கிறார்கள். எந்திரக் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும், அது காரின் கையாளுமையைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். கரேரா ஜி.டி. 600 குதிரைக்கு மேல் சக்தி கொண்ட வி10 எஞ்சின் கார், வழுக்கலைத் தானாகத் திருத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. அந்த மாதிரிக் காருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது நான்கு டயர்கள் மட்டும்தான். புது டயராக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேகத்துக்கு அந்த ரோடு இல்லை. ஆனால் அப்படிப்பட்ட காரை ஒன்பது வருஷ ரப்பரில் நிறுத்திவைப்பது சேகரிப்பாளர்கள் உலகத்தில் ஒன்றும் அபூர்வம் இல்லை. பழைய கார் விளம்பரங்களில் ‘கம்பெனியில் போட்ட அதே டயர்’ என்று அதைப் பெருமையாகவே போடுகிறார்கள். கழற்றி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஓட்டுவதற்கு வேறு டயர் போட வேண்டும்.

எத்தனை வருஷத்தில் மாற்றுவது? பல கார் கம்பெனிகள் ஆறு வருஷம் என்கின்றன. மிஷெலின், ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஆளை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது, பத்து வருஷமானால் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. என்னைக் கேட்டால், பத்து என்பது குடும்பக் காருக்குச் சொன்ன தாராளம். வேகமாக ஓட்டப்படும் காருக்கு ஆறே அதிகம். சட்டம் இதில் பெரிசாக உதவாது. பிரிட்டனில் 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று தடை போட்டார்கள். 2012இல் ஒரு பஸ் விபத்தில் மூன்று பேர் இறந்து, வெடித்த டயருக்கு பத்தொன்பதரை வயது என்று தெரியவந்த பிறகு நடந்த நீண்ட போராட்டத்தின் பலன் அது. அந்தத் தடையில் தனியார் கார்கள் சேரவில்லை.

வயதைப் பார்ப்பது சுலபம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள். 3519 என்றால் 2019ஆம் வருஷத்தின் 35வது வாரத்தில் செய்தது. நான்கு எண்ணுக்குப் பதில் மூன்றுதான் இருக்கிறதென்றால் அது 2000க்கு முந்தைய டயர், காரை மறுபடி கீழே இறக்கக்கூட வேண்டாம். முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பதால் அது உள்பக்கம் போயிருக்கலாம், அப்போதும் குனியத்தான் வேண்டும்.

பழைய 911 ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு கணக்கும் ஒரே காரில் சேர்ந்து வருவது அங்கேதான். பின் டயர் தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று தடவை மாறியிருக்கும், 2022 என்று இருக்கும். முன் டயர் தேயவே தேயாது, ஆகவே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், 2014 என்று இருக்கும். விற்பவர் பின்பக்கத்தைக் காட்டி ‘டயர் எல்லாம் புதுசு சார்’ என்பார். பிரேக் பிடிக்கும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வதும், காரைத் திருப்புவதும் அந்த 2014தான். பேரம் பேசும்போது முன் ஜோடியின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக டயர் கடைக்குப் போங்கள், அதுவும் மெதுவாக.